பதினொன்றாம் கேள்வி

இது நடந்த வரிசை சரியாக நினைவில் இருக்கிறதா என்று கேட்டால் தயக்கமாகத்தான் இருக்கிறது. தங்கை கடைக்கு வந்த அன்று மழை பெய்தது என்கிறார் ஒருவர். முந்தின நாளே பெய்து ஓய்ந்துவிட்டது, தெருவில் சேறுதான் கிடந்தது என்கிறார் இன்னொருவர். மாப்பிள்ளை எத்தனை தடவை வந்து அந்தத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டுப் போனார் என்பதிலும் கணக்கு உதைக்கிறது. படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது இன்னும் எங்கோ ஒரு பீரோவில் இருக்கிறது.

விதைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது துப்பாக்கிக் கடை. குறுகலான கடை, நீளம் அதிகம். இடப்பக்கச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் கோத்து ஒரே சங்கிலி. கடைசியில், பழுது பார்க்கும் மேசை. அதில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் எண்ணெய் என்றுதான் கூப்பிடுவார்கள். குளித்துவிட்டு வந்தாலும் அவர்மேல் அந்த வாசனை போகாது. வாசல் பக்கம் ஜன்னலோரமாக ரைட்டரின் மேசை. இரண்டு கறுப்புப் பேனா, ஒரு அடிக்கோல், முத்திரை மை, விரல் நனைத்துக்கொள்ள ஒரு ஸ்பாஞ்சு. அவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

துப்பாக்கி வாங்க வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது ரைட்டரின் வேலை. நாலு பக்கப் படிவம். அதில் எப்படியெல்லாம் தப்பு வரும் என்று அவருக்குத் தலைகீழாகத் தெரியும். பெயரை அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுத வேண்டும். இனிஷியலை விரித்து எழுதினால் திரும்பி வரும். முகவரியில் ‘மேற்படி’ என்று போடக்கூடாது. எண்ணை அடித்துத் திருத்தினால், ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போட வேண்டும். வெள்ளை மை தடவினால் படிவமே செல்லாது. துப்பாக்கியின் எண்ணைப் பார்த்து எழுதாமல், ரைட்டர் விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையால் போன ஒரு படிவமும் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து திரும்பியது கிடையாது. இதைப் பற்றி அவர் வெளியே பேசியதில்லை. உள்ளுக்குள் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான நாலு கேள்விகளுக்கும் வாங்குகிறவரே தன் கையால் டிக் போட வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் தலையிலேயே அச்சடித்திருந்தது. குற்ற வழக்கு உண்டா, நீதிமன்றத் தடை உண்டா, ஐந்து வருஷத்துக்குள் மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்கியது உண்டா, போதைப் பழக்கம் உண்டா. வயலிலிருந்து நேரே வருகிற ஆட்கள் கட்டம் மாறி டிக் போட்டுவிடுவார்கள். ‘இல்லை’ என்று நினைத்துக்கொண்டு ‘ஆம்’ என்பதில் போட்டுவிட்டுப் போன ஆளுக்காக ஒரு தடவை முழுப் படிவத்தையும் கிழிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து அந்த நாலு டிக்கையும் ரைட்டரே போட ஆரம்பித்தார். ஒரே மூச்சில் கேட்பார்: “கேஸு, தடை, ஆஸ்பத்திரி, போதை, எதுவும் இல்லையே?” கேட்டு முடிப்பதற்குள் பேனா நாலு கட்டத்தையும் தாண்டியிருக்கும். எதிரே இருப்பவர் சிரிப்பார். “அதெல்லாம் இருந்தா நான் ஏன் ரைட்டர் உங்ககிட்ட வர்றேன்?” என்பார். உபகாரமாகத்தான் செய்தார். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ரைட்டரின் தங்கை வந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணே, நாளைக்கு இவரு வருவாரு.”

“எங்க, இங்கயா?”

“துப்பாக்கிக்கு. பன்னித் தொல்லை தாங்கல. கிழக்கு மூலையில எட்டு வரிசை கிழங்கைக் கிளறிப் போட்டுட்டுப் போயிருக்கு. தின்னா கூடப் பரவால்ல. தின்னுட்டுப் புரண்டுட்டு வேற போகுது, மெத்தை போட்ட மாதிரி.”

கடைசியிலிருந்து எண்ணெய் குரல் கொடுத்தார். “வாடகை கேளும்மா அதுங்ககிட்ட.”

“நீங்க வந்து வசூல் பண்ணிக் குடுங்க” என்றாள் அவள், திரும்பாமலே.

ரைட்டர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடினார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிழங்கு மொத்தமும் மண்ணுக்குள்ளேயே அழுகின வருஷம், தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளை பேச்சை நிறுத்தினார். பிறகு சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு நாள் விடியற்காலையில் கிணற்றுக் கட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை இரண்டு பேர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் ரைட்டர். மாப்பிள்ளை அன்றைக்கு எவ்வளவு லேசாக இருந்தார் என்பது அவர் கைகளுக்கு இன்னும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரி.

“படிவத்துல ஆஸ்பத்திரி பத்திக் கேப்பாங்கம்மா” என்றார்.

“தெரியும். அதுக்குத்தான் நான் முன்னாடியே வந்தேன். அதை எழுதாதீங்க.”

“எழுதலைன்னா பொய்யாயிடும்.”

“எழுதினா என்னாகும்னு சொல்லட்டா? டாக்டர் லெட்டர் கேப்பாங்க. ஆளு வந்து அக்கம்பக்கத்துல விசாரிப்பான். முதுகுவலிக்கு ஆஸ்பத்திரில இருந்தாருன்னு சொல்லி வச்சிருக்கேன் அண்ணே. என் மாமியாருக்கே அதுதான் தெரியும். இன்னைக்கும் குனிஞ்சு கூடை தூக்கினா ‘முதுகு பத்திரம்டா’ங்குது கிழவி.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு. சாப்பிடறாரு. வேலை பாக்கறாரு. பேச்சுதான் கொறைச்சல். அப்படிப் பாத்தா நீங்களும்தான் பேச மாட்டீங்க. உங்களை யாரு கொண்டுபோய்ச் சேத்தா?”

எண்ணெய் வாய்விட்டுச் சிரித்தார். ரைட்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததுதான் வினையாயிற்று. சிரித்த பிறகு ஒரு மனுஷன் எப்படி மறுப்பது? அவள் ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்தாள். வாசலில் நின்று, “அவரு வாயால அதைச் சொல்ல வைக்காதீங்க அண்ணே” என்றாள். குரல் மாறியிருந்தது. “அவ்வளவுதான் கேக்கறேன்.”

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். நகக் கண்ணில் மட்டும் மண் போகவில்லை.

“வாங்க மாப்ளே” என்றார் எண்ணெய். “ரைட்டர் வீட்டு மாப்ளேன்னா எங்களுக்கும் மாப்ளேதான். சீர் வரிசைதான் செய்ய முடியாது.”

மாப்பிள்ளை லேசாகச் சிரித்தார். ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கடை முதலாளி எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கவில்லை. “சரி, அதுவே இருக்கட்டும்” என்றார். வாங்குகிறவர்கள் எடுத்துத் தோளில் வைத்துப் பார்ப்பார்கள், எடையைச் சொல்வார்கள், விலையில் ரெண்டு வார்த்தை இழுப்பார்கள். இவர் எதுவும் செய்யவில்லை. முதலாளி அதைக் கவனிக்கவில்லை. ரைட்டர் கவனித்தார்.

படிவம் நல்லபடியாகத்தான் போயிற்று. பெயர், பிறந்த தேதி, முகவரி.

“உயரம்?”

“தெரியலையே மச்சான்.”

எண்ணெய் துப்பாக்கி துடைக்கிற கம்பியை எடுத்துவந்து மாப்பிள்ளையைக் கதவோரம் நிற்க வைத்து அளந்தார். “ஒரு கம்பியும் முக்காக் கம்பியும்” என்றார். பிறகு அடிக்கோலால் கம்பியை அளந்து ரைட்டர் எழுதிக்கொண்டார்.

“எதுக்காக வாங்கறீங்க? பயிர்ப் பாதுகாப்புன்னு போடவா?”

“போடுங்க.”

பக்கத்தைத் திருப்பினார். ஸ்பாஞ்சில் விரலை நனைத்துக்கொண்டார். தலையைத் தூக்காமல், எல்லோரிடமும் கேட்பதுபோலவே, அதைவிடக் கொஞ்சம் வேகமாகவே கேட்டார்.

“கேஸு, தடை, ஆஸ்பத்திரி, போதை, எதுவும் இல்லையே மாப்ளே?”

நாலு டிக். நாலும் ஒரே சாய்வில்.

“மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “அந்த மூணாவது...”

தெருவில் ஒரு லாரி போயிற்று. ரைட்டர் பிற்பாடு அந்த லாரியைப் பிடித்துக்கொண்டு தொங்கப் பார்த்தார். சத்தத்தில் காதில் விழவில்லை என்று தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்தார். ஆனால் லாரி வந்தது அதற்கு அப்புறம்தான். காதில் விழுந்தது.

“கையெழுத்து இங்க” என்றார். “கட்டத்துக்கு வெளிய போகக்கூடாது.”

மாப்பிள்ளை பேனாவைப் பார்த்தார். ரைட்டரின் முகத்தைப் பார்த்தார். நீட்டின பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல, கட்டத்துக்குள் அடக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸில் சரிபார்த்து முடியப் பத்து நாள். அதுவரைக்கும் துப்பாக்கி கடையிலேயே இருக்கும், வாங்குகிறவரின் பெயர் எழுதின சீட்டு கட்டித் தொங்கும். சீட்டு எழுதுவதும் ரைட்டர்தான். ஜன்னலோரத்திலிருந்து நிமிர்ந்தால் அந்தச் சீட்டுதான் கண்ணில் படும். காற்றடித்தால் அது மெல்லத் திரும்பி, வெள்ளைப் பக்கத்தைக் காட்டிவிட்டு, மறுபடி பெயரைக் காட்டும்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். உரம் வாங்க வந்ததாகச் சொன்னார். கையில் உரம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஐந்தாம் நாளும் வந்தார். “இன்னும் அஞ்சு நாள்தான் மாப்ளே, அதுக்குள்ள பன்னிக்கு என்ன அவசரம்” என்றார் எண்ணெய். மாப்பிள்ளை, “அவசரம் இல்ல” என்றார். டீ வேண்டாம் என்றார்.

வீட்டில் ரைட்டர் சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டிலேயே நின்றுவிடும்.

“ஏங்க, சோறு ஆறுது” என்பாள் மனைவி. “படிவம் ஏதாவது திரும்பி வந்துடுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?”

திரும்பி வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் முதல் தடவையாக நினைத்தார். அதை எப்படி அவளிடம் சொல்வது.

ஏழாம் நாள் தங்கை கடைக்குப் போன் பண்ணினாள். கிழங்கு தோண்டியாகிவிட்டது, ஒரு மூட்டை அனுப்பட்டுமா, அண்ணிக்குப் பெரிசு வேண்டுமா பொடிசு வேண்டுமா என்று கேட்டாள்.

“பன்னி மிச்சம் வச்சுதா?” என்றார் ரைட்டர்.

“பன்னியா? அதை ஏன் கேக்கறீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு சோலார் வேலி போட்டாரு. போட்ட கையோட நம்ம பக்கமும் இழுத்து விட்டுட்டாரு. நான் கடைக்கு வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயந்தரமே போட்டாச்சு, அப்புறம் ஒண்ணு உள்ள கால் வைக்கணுமே!”

ரைட்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். படிவத்துக்கு முந்தின நாள். அப்படியானால் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோதே வேலி இருந்திருக்கிறது.

“அப்ப துப்பாக்கி எதுக்கும்மா?”

“நானும் அதைத்தான் சொன்னேன், வேண்டாம்னு சொல்லிடலாம்னு. கேக்கல. காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சுக்கிட்டு இருக்காரு.” அவள் குரலில் சிரிப்பு இருந்தது. “போகட்டும்னு விட்டுட்டேன் அண்ணே. ரெண்டு வருஷமா எதுக்குமே ஆசைப்படாத மனுஷன். ஒண்ணு வேணும்னு கேக்கறாரேன்னு எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு.”

போனை வைத்த பிறகு ரைட்டர் முதலாளியிடம் போகவில்லை. ஆபீஸுக்கும் போன் பண்ணவில்லை. அந்த நாலு கேள்விகளில் ஒன்றைத் திருத்தும் உரிமை கடைக்காரனுக்குக் கிடையாது. வாங்கினவர்தான் திருத்த வேண்டும். ஒரே கோடு, சுருக்கொப்பம், தேதி. எத்தனையோ பேருக்கு அவர் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் அன்றைய பொழுதை ஓட்டினார். அது ஒரு சாக்கு என்பதும் தெரிந்திருந்தது. ஒரு போன் போதும், துப்பாக்கி நின்றுவிடும். ஆனால் மாப்பிள்ளை சொல்ல வாயெடுத்ததை அவருக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் இன்னொருவரிடம் சொல்வதும் அவருக்கு முடியவில்லை.

மறுநாள் கடையின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனார். அன்றைக்கு மழை பெய்தது, அது நிச்சயம். ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நடக்கும்போது சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது.

கொட்டகையில் தங்கையும் மாப்பிள்ளையும் கிழங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று குவியல். நல்லது, மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்டது, அழுகினது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். ஈர மண்ணும் கிழங்கும் சேர்ந்த வாசனை, மூலையில் சாக்கு வாசனை.

“அடடே, மூட்டையை நானே அனுப்பியிருப்பேனே” என்றாள் தங்கை. “அண்ணி துரத்தி விட்டாங்களா?”

“சும்மாதான் வந்தேன்.”

“இருபத்திரண்டு வருஷமா லீவு போடாத ஆளு சும்மா வந்திருக்கீங்க. உக்காருங்க, உலையில கிழங்கு போட்டிருக்கேன்.”

அவரும் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் இருக்கும். மாப்பிள்ளையின் கை ஒவ்வொரு கிழங்கையும் ஒரு தடவை உருட்டிப் பார்த்து, சரியான குவியலில் போட்டது. பார்க்காமலே போட்டது.

“பன்னி வர்றதில்லையாமே மாப்ளே?”

“இல்ல.”

“அப்புறம்?”

மாப்பிள்ளை கையிலிருந்த கிழங்கைத் திருப்பிப் பார்த்தார். அழுகின குவியலில் போட்டார். அது நல்ல கிழங்கு. ரைட்டர் அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, நல்ல குவியலில் வைத்தார். பிறகு கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தார்.

“பதினொண்ணாவது கேள்வியை நான் உங்ககிட்ட கேக்கல.”

“அண்ணே!” என்றாள் தங்கை.

“கேக்காமலே இல்லைன்னு போட்டேன். அது என் தப்பு. இப்பக் கேக்கறேன்.”

முழுசாக வாசித்தார். ஒரு வார்த்தை விடாமல், மனநலம், மருத்துவமனை, உள்நோயாளி, ஐந்து ஆண்டுகள், எல்லாவற்றையும். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டு முழுசாக வாசித்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நீளமான கேள்வி என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மழை கொஞ்சம் வலுத்துப் பிறகு தணிந்தது.

“ஆமா” என்றார் மாப்பிள்ளை.

தங்கை எழுந்துவிட்டாள். “உங்ககிட்ட நான் என்ன கேட்டுக்கிட்டேன்? என்ன கேட்டுக்கிட்டேன் அண்ணே? ஒரே ஒரு விஷயம். இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?”

“நீ சும்மா இரு” என்றார் மாப்பிள்ளை. கோபமில்லாமல் சொன்னார். “அன்னைக்கே நான் சொல்ல வந்தேன் மச்சான்.”

“தெரியும்.”

“சத்தத்துல உங்களுக்குக் கேக்கலைன்னு நினைச்சேன்.”

“கேட்டுச்சு.”

“கேட்டுட்டுத்தான் கையெழுத்து வாங்கினீங்களா?”

“ஆமா” என்றார் ரைட்டர்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். நீட்டின பேனாவை வாங்கினார். ரைட்டர் எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார், அவரே நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை ‘இல்லை’யின் மேல் ஒரே கோடு கிழித்தார். ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டார். பக்கத்தில் சுருக்கொப்பம். “இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்டார். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்த மனுஷன் கேட்டார். ரைட்டர் சொன்னார். எழுதினார். ஓரத்தில் மண் பட்ட கட்டை விரல் ஒரு தடம் விட்டுவிட்டது.

“அதனால திரும்பி வருமா?” என்றார் விரல் தடத்தைக் காட்டி.

“வராது” என்றார் ரைட்டர்.

தங்கை வேகவைத்த கிழங்கை இரண்டு தட்டில் கொண்டுவந்து தரையில் வைத்தாள். மூன்றாவது தட்டு இல்லை. ஒன்று அவளுக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு. “இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை தன் தட்டை நகர்த்தி ரைட்டருக்கு முன்னால் வைத்தார். ரைட்டர் சாப்பிட்டார். உப்பு போட மறந்திருந்தாள். உப்பு கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

திருத்தின நகலை ரைட்டரே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். யார் டிக் போட்டது என்று கேட்டபோது, நான்தான் என்றார். இந்த ஒன்று மட்டுமா என்றார்கள். இல்லை என்றார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் கையில் பிடித்து நிறுத்த முடியவில்லை. பழைய படிவங்களை எல்லாம் கட்டுக் கட்டாக இறக்கினார்கள். பக்கம் புரட்டப் புரட்ட, நாலு கட்டத்திலும் ஒரே சாய்வில் அதே நாலு டிக். வாங்கினவர்கள் எல்லோருக்கும் புதுப் பக்கம் அனுப்பி, அவர்கள் கையாலேயே பதில் எழுதி வாங்கினார்கள். ஒன்பது பேர் ஏதோ ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று போட்டு அனுப்பினார்கள். ஒருவருக்குப் போன கடிதத்துக்கு, அவர் உயிரோடு இல்லை என்று அவருடைய மனைவி கடைக்குப் பதில் எழுதியிருந்தாள். அதை முதலாளி படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். ரைட்டரிடம் காட்டவில்லை. காட்டச் சொல்லி ரைட்டரும் கேட்கவில்லை.

கடை ஒரு மாதம் மூடிக் கிடந்தது. திறந்தபோது ரைட்டருக்கு அங்கே வேலை இல்லை. இப்போது பக்கத்து விதைக் கடையில் விதைப் பொட்டலங்களில் பெயரும் தேதியும் எழுதுகிறார். எண்ணெய் அதே மேசையில் இருக்கிறார். மத்தியானத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு விதைக் கடைக்கு வந்து ரைட்டரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ரைட்டர் இருந்த ஜன்னலோரத்தில் ஒரு பெண் இருக்கிறாள். ஒன்பதாம் கேள்வி வந்ததும் பேனாவை வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒரு பேங்க் காவலாளிக்குப் போயிற்று.

மாப்பிள்ளை அந்த வாரமே தானாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆறு வாரம் இருந்தார். ஊருக்குத் தெரிந்தது, கொஞ்ச நாள் பேசினார்கள். தங்கையின் மாமியார் இப்போதும் முதுகு பத்திரம் என்றுதான் சொல்கிறாளாம். மாப்பிள்ளை இருக்கிறார். கிழங்கு போடுகிறார்.

தங்கை அண்ணனிடம் நாலு வருஷமாகப் பேசவில்லை. வருஷா வருஷம் அறுவடைக்குப் பிறகு ஒரு மூட்டை கிழங்கு வருகிறது. கொண்டுவருவது மாப்பிள்ளை. இறக்கி வைத்துவிட்டு, ரைட்டரோடு வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அந்தத் துப்பாக்கி எதற்காக என்று ரைட்டர் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அடுத்த பஸ் வந்ததும் எழுந்து போய்விடுவார்.